ஊசிமுனைக் குழிகள்

ஜூன் 5, திங்கள்

புதுப் பெண் இன்று வேலைக்குச் சேர்ந்தாள். பெயர் ஷைனி பெனிற்றா. திங்கள்நகர்க்காரி. மதுரையில் படித்துவிட்டு சென்னையில் ஒரு பெரிய லேபில் இருந்தாளாம். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரோடு வந்துவிட்டாள்.

எங்கள் பல் டாக்டர் செல்வின் அவளை லேபுக்குள் கூட்டி வந்து, "புஷ்பம், உங்களுக்கு ஒரு துணை கொண்டாந்திருக்கேன்" என்றார். நான் எப்போது துணை கேட்டேன்? கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பின்னறையில் நான் ஒருத்திதான். முன்னறையில் அவர் நோயாளி வாயில் குழம்பு நிரப்பின டிரேயை வைத்து அளவெடுப்பார். பல் அச்சு பதிந்த அந்த அளவு என் கைக்கு வரும். ஸ்டோன் பவுடரைத் தண்ணீரில் குழைத்து அதற்குள் ஊற்றினால், இறுகிய பிறகு அந்த ஆளுடைய பல்லும் ஈறும் அப்படியே கல்லாக வரும். அந்த மாடல் மேல்தான் பிளேட், பல் செட் எல்லாம். நாகர்கோவிலில் பாதிப் பேருடைய வாய் எனக்குத் தெரியும், முகம் தெரியாது.

துணை நல்லதுதான். வேலை அதிகமாகிவிட்டது.

ஜூன் 6

மழை. ஜன்னலோர மேஜையை அவளுக்குக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். நுணுக்க வேலைக்கு வெளிச்சம் வேண்டுமாம். என் சாமான்களை நானே எடுத்து வைத்தேன். "நான் வைக்கேன் அக்கா" என்று வந்தாள். வேண்டாம் என்றேன்.

ஜூன் 9, வெள்ளி

காலையில் வந்து பார்த்தால், நேற்று சாயங்காலம் நான் ஊற்றி வைத்துவிட்டுப் போன மூன்று மாடலும் டிரேயிலிருந்து எடுத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தது.

"யாரு எடுத்தது?"

"நான்தான் அக்கா. கோவிச்சுக்கிடாதீங்க. நேத்து போறதுக்கு முன்னால நல்லா இறுகிட்டு. ராத்திரி பூரா ஆல்ஜினேட்டுக்குள்ளயே கெடந்தா மேல் பக்கம் சுண்ணாம்பு மாதிரி ஆயிரும்லா, அதான்."

ஆல்ஜினேட் என்பது அளவெடுக்கும் ரோஸ் நிறக் குழம்பு. அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்டோனோடு விட்டுவைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? ஆறு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. அதனால் விட்டுவிட்டுப் போவேன். மறுநாள் மேலாகக் கொஞ்சம் மாவு உதிரும். தேய்த்துவிட்டால் போயிற்று. யாரும் எதுவும் சொன்னதில்லை.

அவள் எடுத்து வைத்த மாடல்களை விரலால் தடவிப் பார்த்தேன். மாவு இல்லை. முட்டை ஓடு மாதிரி இருந்தது.

"இனிமே என் டிரேயத் தொடாத" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை.

ஜூன் 14

டாக்டர் அவளுடைய மாடல் ஒன்றை நோயாளியிடமே கொண்டுபோய்க் காட்டினாராம். "பாருங்க, உங்க பல்லுல உள்ள கீறல்கூடத் தெரியுது." இத்தனை வருஷத்தில் என் மாடல் எதுவும் லேபை விட்டு வெளியே போய் வேடிக்கை காட்டியதில்லை.

அவள் வீட்டுப் பலாச்சக்கை வறுவல் ஒரு பொட்டலம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து மேஜையில் போட்டேன். என் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டே முழுவதையும் தின்றுவிட்டு, "இந்தப் பொண்ணு நல்ல பொண்ணா இருக்குமே" என்கிறார். வறுவலைத் தின்றுவிட்டு நற்சான்று.

ஜூன் 20, செவ்வாய்

இனி முக்கியமான கேஸ்களுக்கு ஆல்ஜினேட் கிடையாது, சிலிகான்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புது கம்பெனி சரக்கு. ரப்பர் மாதிரி இருக்கிறது, சுருங்காது, கிழிவதும் அபூர்வம்.

முதல் நாளே வம்பு. மாடலை எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் ஊசியால் குத்தினது போல் குட்டிக் குட்டிக் குழிகள். பல்லின் மேல், ஈறின் மேல், எங்கும். எனக்கும் அப்படி, அவளுக்கும் அப்படி.

அவளுக்கும் அப்படி என்பதை எதற்குத் தனியாக எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 24, சனி

வாரம் பூராவும் குழிதான். காற்று உள்ளே மாட்டுகிறது என்று முதலில் நினைத்தோம். ஸ்டோனை டிரேயின் ஒரு ஓரத்தில் கொஞ்சமாக விட்டு, வைப்ரேட்டர் அதிர்வில் தானாக ஓடிப் பல் பல்லாக நிறையும்படி பையப் பைய ஊற்றினோம். குழி போகவில்லை. தண்ணீரை அளந்தோம். பவுடர் மழை ஈரத்தை இழுத்திருக்கும் என்று புது டின் உடைத்தோம். எச்சில் ஒட்டியிருக்கும் என்று சோப்புத் தண்ணீரில் கழுவினோம். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு வேடிக்கை. அதே அளவில் இரண்டாவது தடவை ஊற்றினால் சுத்தமாக வருகிறது. ஷைனி அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறாள். "அளவு மேல ஏதோ படிஞ்சிருக்கு அக்கா. மொத ஊத்துல ஸ்டோனு அத இழுத்துட்டுப் போயிருது. நாம கழுவுறது பத்தாது." டாக்டருக்கும் அது சரி என்று பட்டது. படித்தவள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை ஊற்றுகிறோம். வேலை இரட்டிப்பு.

ஜூன் 30, வெள்ளி

மதியத்துக்கு முன்னால் ஒரு சிலிகான் அளவு வந்தது. ஸ்டோனை அளந்து கிண்ணத்தில் போடும்போது கரண்ட் போய்விட்டது. வைப்ரேட்டர் இல்லாமல் ஊற்ற முடியாது. அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். ஷைனி அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்ட அரை நாள் லீவு. கரண்ட் வந்தபோது மணி ஒன்றரை. ஊற்றினேன்.

முதல் ஊற்றிலேயே ஒரு குழி இல்லை.

ஜூலை 4

நேற்றும் இன்றும் சோதித்துப் பார்த்தேன். உடனே ஊற்றினால் குழி. ஒரு மணி நேரம் சும்மா வைத்திருந்து ஊற்றினால் சுத்தம். ஒரு புது அளவைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டும் பார்த்தேன். சிலிகான் மேல் மெல்ல மெல்லச் சோடாவில் போல் பொடிக் குமிழிகள். ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துப் போட்டால் குமிழி இல்லை. இந்தச் சரக்கு இறுகின பிறகும் கொஞ்ச நேரம் வாயு விடுகிறது. அது ஈர ஸ்டோனில் ஏறிக் குழி போடுகிறது. இரண்டாவது ஊற்று நன்றாக வந்தது, அதற்குள் ஒரு மணி நேரம் கடந்துவிடுவதால்தான். அழுக்கும் இல்லை, படிவும் இல்லை.

ஷைனி தன் மேஜையில் மூன்றாவது தடவையாக ஒரு அளவைப் பிரஷ் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

நாளைக்குச் சொல்லலாம்.

ஜூலை 7, வெள்ளி

டாக்டர் என் மாடல் இரண்டையும் அவள் மாடல் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அனுபவம் அனுபவந்தான்" என்றார். அவள் அங்கேதான் நின்றாள். முகம் சிவந்து போயிற்று.

அவர் போன பிறகு பக்கத்தில் வந்தாள். "அக்கா, எப்படி அக்கா? எனக்கு மட்டும் ஏன் வருது?"

"கைராசி" என்றேன்.

சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக் காத்திருந்தாள். நான் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

சென்னை லேபில் நாலு வருஷம் இருந்தவள். கண்டுபிடிக்கட்டுமே. எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

ஜூலை 10

இன்று டீ முதலில் எனக்கு வந்தது.

ஜூலை 12, புதன்

குளச்சலிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் லூர்தையன். மீன் இறங்குதளத்தில் ஏலம் கூவுகிறவர். மேல்தாடையில் கட்டி வந்து, பாதி அண்ணத்தை எடுத்துவிட்டார்கள். வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் ஓட்டை. பேசினால் எல்லாம் மூக்கு வழியாகப் போகிறது. கஞ்சி குடித்தால் மூக்கில் வருகிறது. அந்த ஓட்டையை அடைக்கிற மாதிரி அண்ணப் பிளேட் செய்ய வேண்டும். ரேடியேஷன் கரண்ட் வைத்ததில் வாய் வேறு இறுகிவிட்டது. இரண்டு விரலுக்கு மேல் திறக்காது.

அவர் பேசினதை மனைவி பிலோமினா எடுத்துச் சொன்னார். "தடைக்காலம் முடியப் போவுது டாக்டர். ஒண்ணாம் தேதி விசைப்படகு எல்லாம் கடலுக்குப் போவும். அதுக்குள்ள இவருக்குச் சத்தம் வரலன்னா அந்த எடத்துல வேற ஆளு நிப்பான். பொறவு கெடைக்காது."

இந்த மாதிரிப் பிளேட் இந்த லேபில் இதற்கு முன் இரண்டு செய்திருக்கிறோம். இரண்டும் என் கை. டாக்டர் உள்ளே வந்து, "ஷைனி, இத நீ பாரு. சென்னையில இது மாதிரி நெறைய செஞ்சிருப்பல்லா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "புஷ்பம், நீங்க மத்த கேஸ முடிச்சிருங்க."

மற்ற கேஸ். சரி.

ஜூலை 13, வியாழன்

இன்று லூர்தையனுக்கு அளவெடுத்தார்கள். நெடுநேரம் ஆனது. சிறிய டிரேயை வெட்டிச் சிறிதாக்கிச் சாய்த்து நுழைத்தார்களாம். சுவருக்கு இந்தப் பக்கம் அவருடைய முனகல் கேட்டது.

ஷைனி அளவைக் கொண்டுவந்தாள். நல்ல அளவு. ஓட்டைக்குள் போன பாகம் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. நான் எட்டிப் பார்த்ததைக் கண்டு, "நல்லா வந்திருக்குலா அக்கா?" என்றாள். ம் என்றேன். கழுவினாள். திரும்பக் கழுவினாள். காற்றடித்து உலர்த்தினாள். ஸ்டோன் குழைத்தாள்.

அவள் குழைக்கும்போது நான் பேசியிருக்கலாம். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன நினைத்தேன் என்றால், முதல் ஊற்று கெட்டாலும் இரண்டாவது ஊற்று இருக்கிறது, ஒன்றும் ஆகிவிடாது என்று நினைத்தேன். டாக்டர் அந்த முதல் மாடலைப் பார்த்தால் போதும் என்றும் நினைத்தேன்.

சாயங்காலம் மாடலை எடுத்தாள். முழுக்கக் குழி. எடுக்கும்போது அந்த நாக்கு மாதிரி நீண்ட பாகம் கல்லுக்குள் மாட்டிப் பிய்ந்து போயிற்று. இனி அந்த அளவில் இன்னொரு தடவை ஊற்ற முடியாது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளாகவே டாக்டர் அறைக்குக் கொண்டுபோனாள். ஒளித்து வைக்கவில்லை, குழியை அடைத்து ஒப்பேற்றவும் பார்க்கவில்லை.

ஜூலை 15

தலைவலி. வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 17, திங்கள்

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். ஆனால் அந்தக் கதவு ஒழுங்காகச் சாத்தாது.

"அந்த மனுஷன் வாயில திரும்பவும் நான் டிரே வைக்கணும். போன தடவையே ரத்தம் வந்துச்சு. உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"புஷ்பத்துக்கு வருது. உனக்கு ஏன் வரல?"

டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளு பாக்கணும், கேட்டியா? சொல்லிட்டேன்."

வெளியே வந்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த மேஜை திரும்ப எனக்கு வரும் என்று நினைத்துப் பார்த்தேன். அதில் சந்தோஷம் இருக்கும் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். பஸ்ஸில் வரும்போது அதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். வரவில்லை.

ஜூலை 21, வெள்ளி

மறுபடியும் லூர்தையன். இன்று முனகல் இல்லை, கத்தினார். மூக்கு வழியாக வருகிற கத்தல், வார்த்தையே இல்லை. "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, இந்தா ஆச்சி, இந்தா ஆச்சி" என்று பிலோமினா சொல்லிக்கொண்டே இருந்தது கேட்டது. பிறகு குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம்.

ஷைனி டிரேயோடு உள்ளே வந்தாள். அளவின் ஓரத்தில் ரத்தம். கழுவினாள். எங்கே நனைந்தது என்று தெரியாமல் அவள் ஏப்ரன் முன்பக்கம் பூரா ஈரம். உலர்த்தினாள். ரப்பர் கிண்ணத்தில் பவுடரைப் போட்டுத் தண்ணீர்க் குப்பியை எடுத்தாள்.

நான் எழுந்து போய்க் கிண்ணத்தின் மேல் கையை வைத்தேன்.

"பொறு. ஒரு மணி நேரம் ஆவட்டும்."

"எதுக்கு அக்கா? உடனே ஊத்தணும்லா?"

"ஆல்ஜினேட்டுக்குத்தான் அது. இது இப்பம் உள்ளேருந்து வாயு விட்டுட்டு இருக்கும். அதான் குழி விழுது. ஒரு மணி நேரத்துல நின்னுரும்."

நம்பாமல் அளவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டாவது ஊற்று ஏன் சுத்தமாக வந்தது, என் மாடல் ஏன் சுத்தமாக வந்தது, எல்லாம் அவளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதை நான் அவள் முகத்தில் பார்த்தேன்.

"எப்பம் தெரியும்?"

"போன மாசக் கடைசியில."

"அவரு மொத தடவ வாறதுக்கு முன்னாலயேவா?"

"ஆமா."

திட்டுவாள் என்று நின்றேன். குப்பியை வைத்தாள். கையைத் துடைத்தாள். ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் அந்த அளவை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். இவ்வளவு நீளமான மணி நேரத்தை நான் கண்டதில்லை.

பிறகு எழுந்து வந்து ஊற்றினாள்.

ஜூலை 22

மாடல் வந்துவிட்டது. அண்ணத்தில் உள்ள வரி வரியான மடிப்புகூட விழுந்திருக்கிறது. "நல்லா வந்திருக்கு" என்றேன். அவள் காதில் விழாதது போல் மெழுகைச் சூடாக்கினாள்.

ஜூலை 28, வெள்ளி

பிளேட் வைத்துப் பார்க்கிற நாள். டாக்டர் எங்கள் இருவரையும் முன்னறைக்குக் கூப்பிட்டார். லூர்தையனை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். கறுத்த, எலும்பான மனிதர். ஒரு கன்னம் உள்ளே விழுந்திருக்கிறது.

டாக்டர் பிளேட்டை மாட்டி ஓரத்தில் இரண்டு இடம் தேய்த்துத் திரும்ப மாட்டினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அவர் பழக்கத்தில் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு குடித்தார். துண்டை எடுத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. இன்னொரு மடக்கு குடித்தார், இந்தத் தடவை பொத்தாமல்.

"என்ன, ஏதாவது பேசும்" என்றார் பிலோமினா. "வலிக்கா? டாக்டர், இவருக்கு வலிக்கி போல. பசிக்கும் செய்யும், காலையில இருந்து ஒண்ணும்..."

"இனி நீ கொஞ்சம் வாய மூடு" என்றார் லூர்தையன்.

ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. பிலோமினா வாயை மூடினார். பிறகு சிரித்தார், அழுதார், எது எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாதபடி.

டாக்டர், "போன தடவை என்ன ஆச்சுன்னு இப்பமாவது தெரிஞ்சுதா?" என்று ஷைனியைக் கேட்டார்.

"தெரிஞ்சுது சார். உடனே ஊத்தக் கூடாது. அக்காதான் கண்டுபிடிச்சாங்க" என்றாள். அவ்வளவுதான். எப்போது என்று சொல்லவில்லை.

பிலோமினா வந்து என் இரண்டு கையையும் பிடித்து முத்தம் கொடுத்தார். "இந்தக் கைக்கு ஒரு கொறையும் வராது" என்றார். ஷைனி டிரேக்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் போன பிறகு டாக்டர் அறைக்குப் போனேன். ஜூன் கடைசியில் தெரியும், ஷைனி கேட்டாள், சொல்லவில்லை, முதல் அளவை அவள் கண் முன்னால் கெடவிட்டேன் என்று சொன்னேன். சொல்லி முடிக்கிற வரை அவர் பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"ஏன் புஷ்பம்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் ஒரு ஆணிடம், அதுவும் முதலாளியிடம் சொல்கிற மாதிரி இல்லை.

"அந்த மனுஷன் கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்."

பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "இனிமே எந்த கேஸ் யாருக்குன்னு ஷைனி பிரிச்சுத் தரட்டும். நீங்க அவகிட்ட கேட்டுச் செய்யுங்க" என்றார்.

சரி என்றேன்.

ஆகஸ்ட் 3

ஷைனி கேஸ் பிரிக்கிறாள். நியாயமாகத்தான் பிரிக்கிறாள். கடினமானது ஒன்று, எளிதானது ஒன்று என்று சமமாகத் தருகிறாள். பழி வாங்கினால் நான் மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொள்ளலாம், அதற்கும் வழி இல்லை. வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசுவதில்லை.

எழுதிவிடுகிறேன். பொறாமை. முட்டை ஓடு மாதிரி அந்த மூன்று மாடலைத் தொட்ட நாளிலிருந்து. இப்போதும் போகவில்லை. முன்பு அவள் கையைப் பார்த்து வந்தது. இப்போது, அன்று டாக்டர் முன்னால் அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாளே, அதைப் பார்த்து வருகிறது. என்னால் அப்படி நின்றிருக்க முடியாது.

ஆகஸ்ட் 12, இரண்டாம் சனி

கிளினிக் விடுமுறை. மீன் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் குளச்சல் போனேன். வடசேரிச் சந்தையில் கிடைக்காத மீனா என்றார் வீட்டுக்காரர்.

இறங்குதளத்தில் ஒரே கூட்டம். படகுகள் வந்து நிற்கின்றன. தரையில் நெத்திலி, சாளை, பெரிய கணவாய்க் குவியல். தண்ணீரும் செதிலுமாகக் கால் வைக்க இடமில்லை. சத்தத்தை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்தேன். ஒரு பெட்டி மேல் ஏறி நின்று கூவிக்கொண்டிருந்தார். பழைய குரல் எப்படி என்று எனக்குத் தெரியாது. இப்போது லேசாகக் கரகரப்பு இருந்தது, ஆனால் சுற்றி நின்ற அத்தனை சத்தத்துக்கும் மேலே கேட்டது. யாரும் "என்ன சொன்னீரு?" என்று திருப்பிக் கேட்கவில்லை. அவர் விலையை ஏற்ற ஏற்ற, பெண்கள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்கே கத்திப் பதில் கொடுத்தார்கள்.

ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். மீன் வாங்க வந்த யாரோ என்று பார்வை தாண்டிப் போயிற்று. அதுவே நன்றாக இருந்தது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டுக்காரருக்குப் புரியாது. டாக்டரிடம் சொல்ல முகம் இல்லை. மீதி ஒரே ஒரு ஆள்தான். போனை எடுத்து, வைத்து, திரும்ப எடுத்து அழைத்தேன். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"சொல்லுங்க" என்றாள்.

ஒன்றும் சொல்லாமல் கையை உயர்த்திப் போனை அவர் பக்கமாகப் பிடித்தேன். கணவாய் ஏலம் போயிற்று. அடுத்து வஞ்சிரம் வந்தது, அதுவும் போயிற்று. கை வலித்தது. மாற்றிப் பிடித்தேன். ஒருத்தி என்னை இடித்துவிட்டு, "வாங்குகதுன்னா வாங்கு, இல்லன்னா மாறி நில்லு" என்றாள்.

போனைக் காதில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் சத்தமும் மூச்சும் கேட்டது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. நான் திரும்பவும் கையை உயர்த்தினேன்.